ஆளில்லாத வீட்டுக்கு ஒரு விருது

திருவண்ணாமலையில் வெயிலைக் குறை சொல்வது கொஞ்சம் மரியாதைக் குறைவு. சாமியே நெருப்பாக நிற்கிற ஊர். அதனால் சித்திரை மாதத்தில் இங்கே யாரும் வெயில் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. "இன்னாங்க இன்னிக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார்கள். கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

அந்தச் சித்திரையில் ஊரிலேயே ஆட்கள் குளிரில் நடுங்கிய இடம் ஒன்றுதான் இருந்தது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புதுமனைகளுக்கு நடுவில் இருந்த குடும்ப மின்சிக்கன ஊக்குவிப்பு முகமையின் மாவட்ட அலுவலகம். வீடுகளில் மின்சாரத்தைக் குறைத்துச் செலவழிக்கும்படி மக்களுக்கு அறிவுரை சொல்வது அதன் வேலை. அறிவுரையை வியர்வையோடு எழுதினால் அதில் நிதானம் இருக்காது என்பதால் எல்லா அறையிலும் ஏசி பதினெட்டில் ஓடியது. 'ஏசியை இருபத்தாறில் வைப்போம்' என்ற வாசகத்தை எழுதியவர் மாவட்ட ஊக்குவிப்பாளர் அறிவுச்செல்வன். எழுதும்போது முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தார். கூட்டிப் பெருக்கி டீ வாங்கி வருகிற சந்திரம்மாள், வாசலில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார். வெளியே வந்ததும் அதை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

இந்த முகமைக்கும் ஜம்புகுமாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேரடி வீதியில் அவனுக்கு ஒரு சின்னப் பாத்திரக் கடை. குடத்திலும் தட்டிலும் பெயர் வெட்டித் தருவதில் கைநேர்த்தி. ஆரணிப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்பவர்கள். வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டின் மேல் தளத்தில் குடியிருந்தான். மேலே வெறும் மொட்டைமாடி. அது பகலெல்லாம் காய்ந்து, விளக்கு வைத்த பிறகு சூட்டை மெதுவாகப் படுக்கையில் இறக்கும். மனைவி குணமதி மாசமாக இருந்தாள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, அவள் நன்றாகத் தூங்கியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், தவணையில் ஒரு ஏசி வாங்கிப் படுக்கையறையில் மாட்டினான்.

மாட்டிய சூட்டோடு வளைகாப்புக்கு ஆரணியை அடுத்த மாமியார் வீட்டிலிருந்து வந்து குணமதியை அழைத்துப் போய்விட்டார்கள். அங்கே வேர்க்கடலை பிடுங்கும் சமயம். மாமனாருக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஜம்புகுமாரும் அங்கேயே தங்கி, அங்கிருந்தே பஸ்ஸில் கடைக்கு வந்து போனான். ஃபிரிட்ஜ் முதல் வாசல் பல்பு வரை எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிய வீடு பங்குனி முழுக்க அப்படியே கிடந்தது. வாரா வாரம் டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்ததால் சித்திரையில் இருவரும் திரும்பி வந்தார்கள். மின் கணக்கு எடுத்தார்கள். கட்டணம் ஏதும் இல்லை என்று வந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று ஜம்புகுமார் நினைத்தான். முகமை அப்படி நினைக்கவில்லை.

கூப்பிட்டு அனுப்பினார்கள். அறிவுச்செல்வனின் அறைக்குள் போனதும் ஜம்புகுமாரின் கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன.

"பயப்படாதீங்க, உக்காருங்க" என்றார் அறிவுச்செல்வன்.

"பயமில்லீங்க. குளிருது."

பக்கத்தில் ஆய்வு அலுவலர் நந்தினி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். "ஏசி இருந்தும் கட்டணமே வராத வீடு மாவட்டத்துலயே உங்களோடதுதான். எத்தனை டிகிரில வைப்பீங்க?"

"நாங்க வீட்லயே இல்லீங்க மேடம்."

"சரி. ஃபேனும் சேர்த்துப் போடுவீங்களா?"

"ஃபேன் வீட்லதான் இருந்துச்சு. நாங்கதான் இல்ல. மாமியார் ஊர்ல இருந்தோம்."

நந்தினி பேனாவை மூடப் போனார். ஆனால் அறிவுச்செல்வன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஜன்னல் பக்கம் அவர் போனால் பேசப் போகிறார் என்று பொருள்.

"நந்தினி, இதை எழுதிக்கிடுங்க. இத்தினி வருஷமா நாம இன்னா சொல்லிக்கிட்டிருந்தோம்? பல்பை மாத்து, ஃபில்டரைக் கழுவு, கதவைச் சாத்து. எல்லாம் மேலோட்டம். ஒரு வீட்ல மின்சாரம் ஏன் செலவாகுதுங்கிற அடிப்படைக் கேள்வியை யாருமே கேக்கலை. வீட்ல ஆள் இருக்கறதால செலவாகுது. ஆள்தான் காரணம். இந்த மனுஷர் ஆளையே எடுத்துட்டார்."

ஜம்புகுமார் நேர்மையான ஆள். "மாமியார் வீட்ல ஃபேன் ஓடுச்சுங்க சார், ராத்திரி பகலா. ஜாஸ்தியாவே ஓடுச்சு" என்றான்.

"அது ஆரணி மின்கோட்டம். அதை அவங்க பாத்துக்குவாங்க."

அன்று சாயங்காலமே 'வெளியே செல்வோம் இயக்கம்' தொடங்கிவிட்டது. 'வீட்டைப் பூட்டுவோம், நாட்டைக் காப்போம்' என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த தொடக்க விழாவில் அறிவுச்செல்வன் ஒரு மணி நேரம் பேசினார். "நம்ம முன்னோருக்கு ஏன் மின் கட்டணம் வரலை? சிந்திச்சுப் பாருங்க" என்று அவர் கேட்டபோது கூட்டம் உண்மையாகவே சிந்தித்தது. முடிவில், முகமை ஊழியர்கள் எப்போதுமே அலுவலகத்தில் இருக்கையில் இருப்பதில்லை என்று மக்கள் புகார் சொன்ன காலம் உண்டு, அந்தத் தியாகத்தின் அருமை இப்போதாவது புரியட்டும் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார்.

அரசாங்கம் சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் சிலர் உண்டு. ஓய்வு பெற்ற தபால்காரர் மாறனும் அவர் மனைவி தனமும் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்ப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தார்கள். எந்த ஊருக்கு என்று கண்டக்டர்கள் கேட்டால், "எங்கயும் இல்லப்பா, வீட்ல இல்ல, அவ்ளோதான்" என்றார் மாறன். கிரிவலத்துக்குப் பௌர்ணமி வரும்வரை காத்திருக்காமல் சில குடும்பங்கள் தினமும் மலையைச் சுற்றின. ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்களுக்காக முகமை ஆங்கிலத்தில் ஒரு பெரிய பலகை வைத்தது. 'நீங்கள் வீட்டில் இல்லை' என்பதுதான் அதன் பொருள். காபி கடையிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் அதைப் படித்தார், மறுபடி படித்தார், அதன் முன்னாலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அவரைச் சுற்றி இன்னும் பலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இயக்கம் உலக அளவில் பரவிவிட்டதாக முகமை அறிக்கை விட்டது.

ஜம்புகுமாருக்கு விருது அறிவித்தார்கள். சென்னையிலிருந்து தலைமை இயக்குநர் புகழேந்தியே நேரில் வந்து தருவதாக ஏற்பாடு. விருது ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. நியாயமான விலைக்குக் கிடைக்கும் கடை என்று விசாரித்ததில் ஜம்புகுமாரின் கடையே அமைந்தது. அடிப்பீடத்தில் வெட்ட வேண்டிய பெயரை டைப் செய்து அனுப்பியிருந்தார்கள். 'ஜம்பகுமார்' என்று இருந்தது.

போன் போட்டுச் சொன்னான். "சார், இது என் பேர்தாங்க. ஒரு எழுத்து தப்பாயிருக்குது. நானே சரியா வெட்டிக்கட்டுமா?"

"உத்தரவுல எப்படி இருக்கோ அப்படியே வெட்டுங்க" என்றார் அறிவுச்செல்வன். "விருது வாங்கறவரோட விருப்பத்துக்கு நாம மாத்த ஆரம்பிச்சா நடுநிலை போயிடும்."

கடையில் உட்கார்ந்து, தன் பெயரைத் தன் கையாலேயே தப்பாக வெட்டினான் ஜம்புகுமார். எழுத்து என்னவோ முத்து முத்தாக விழுந்தது.

இதுவரை எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டு குணமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டையே மாதிரி வீடு என்று அறிவித்து ஆராய ஆட்கள் வரும்வரை.

முதல் நாள் அறிவுச்செல்வனும் நந்தினியும் மட்டும் வந்தார்கள். கூடத்தைப் பார்த்தார்கள், சமையலறையைப் பார்த்தார்கள், படுக்கையறைக்குள் போனார்கள். ஏசியின் நடத்தையைக் கவனிக்க வேண்டும் என்று அதைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. அலுவலகத்திலிருந்து வரவழைத்துக்கொண்டார்கள். மறுநாள் மற்ற பிரிவுகளும் வந்தன. கணக்குப் பிரிவு கட்டிலில் உட்கார்ந்தது. விழிப்புணர்வுப் பிரிவு தரையில் பாய் விரித்தது. அலுவலகத்து ஏசி பழையது, சத்தம் போடும்; இது புதுசு, சத்தமே இல்லை, படுத்தால் தாலாட்டுகிற மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது ஆய்வின் முதல் முடிவாகப் பதிவானது.

குணமதி கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஃபேன் மேலிருந்த சூட்டை அள்ளி அவள் தலையில் கொட்டியது. கால் இரண்டும் வீங்கின.

"சார், என் சம்சாரத்துக்கு எட்டாம் மாசம். அந்த ரூம்ல கொஞ்சம் படுக்கணும்" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னான் ஜம்புகுமார்.

கதவு கொஞ்சம் திறந்தது. குளிர்ந்த காற்றோடு அறிவுச்செல்வனின் தலை வெளியே வந்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கறது ஆய்வைக் கெடுக்குது. இது ஆளில்லாத வீடு. ஆளில்லாத வீட்ல அந்தம்மா வந்து உக்காந்துக்கிட்டு தண்ணி குடிக்கிறாங்க, கால் அமுக்கிக்கிறாங்க. தலைமைக்கு நான் இன்னா எழுதறது?"

"நீங்க எல்லாம் இருக்கீங்களே சார்."

"நாங்க குழு. குழுவை ஆளா எண்ணக் கூடாது." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. ஏசி இருக்கற வீட்ல கட்டணமே வரலைன்னா, மீட்டர்ல ஏதோ கைவரிசைன்னு மேல ஒரு கருத்து இருக்குது. நான்தான் நம்பலை. நீங்க ஒத்துழைக்கிற வரைக்கும் நம்பவும் மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது.

அந்த வாரம் டாக்டர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டுக் கருவியைக் கழற்றாமலே ஜம்புகுமாரைத் திரும்பிப் பார்த்தார். "இவங்களைத் தூங்க விடறீங்களா, இல்லையா? இப்படியே ஏறுச்சுன்னா நான் அட்மிட் பண்ணிடுவேன். குழந்தைக்கு நல்லதில்லை." ஏசி வாங்கிட்டேன் டாக்டர் என்று சொல்ல ஜம்புகுமார் வாயெடுத்தான். அதை எப்படித் தொடர்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டான். ஆட்டோவில் வரும்போது அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆம்பளை என்று ஒருத்தன் இருந்தும் பெண்டாட்டிக்கு ஒரு கட்டில் வாங்கித் தர வக்கில்லை என்று தோன்றியது. கட்டில் அவனுடையதுதான் என்பது இன்னும் வேதனையாக இருந்தது.

"நீங்க கடைக்குப் போங்க" என்றாள் குணமதி. "நான் அவங்க ஆபீஸுக்கே போய்க் கேட்டுட்டு வர்றேன்."

"ஆபீஸ்ல யாரு இருக்கா? எல்லாரும் நம்ம வீட்லதானே இருக்காங்க."

"யாராவது பெரியவங்க இருப்பாங்க."

இருந்தது சந்திரம்மாள் மட்டும். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எல்லா ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும் இல்லியே கண்ணு. உன் வீட்டுக்குத்தான் போயிருக்காங்க" என்றார் சந்திரம்மாள். அப்போதுதான் அவளுடைய காலைப் பார்த்தார். "இன்னா இது, இப்படி வீங்கிக் கிடக்குது. உக்காரு முதல்ல. இங்க இல்ல, சார் ரூம்ல சோபா இருக்குது, வா."

"ஆளே இல்லாம ஏன் ஏசி ஓடுது?"

"அணைக்கக் கூடாதாம். அணைச்சா, அறிவுரை எழுதற சூழ்நிலை கெட்டுப்போயிடுமாம். எனக்கு இன்னா தெரியும்? பதினெட்டுல இருந்துச்சு. நான்தான் யாரும் இல்லியேன்னு இருபத்தாறுக்கு ஏத்தி வெச்சேன். மஃப்ளர் தலைக்கு அரிக்குது."

குணமதி சோபாவில் சாய்ந்தாள். மகஜர் கொடுக்க வந்தவள், சந்திரம்மாள் தண்ணீர் கொண்டு வருவதற்குள் தூங்கிவிட்டாள். பொழுது சாயப் போகிற நேரத்தில் ஜம்புகுமார் சாப்பாட்டு டப்பாவோடு தேடி வந்து எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை. கண் விழித்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து இது வழக்கமாயிற்று. காலையில் முகமை ஜம்புகுமாரின் வீட்டுக்குப் போகும். குணமதி முகமைக்குப் போவாள். வழியில் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் நந்தினி தலையசைப்பார்.

ஒரு நாள் தூங்கி எழுந்து, மோர் குடித்துவிட்டு, கால் நீட்ட வசதியாக அறிவுச்செல்வனின் சுழல் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தபோது மாறனும் தனமும் உள்ளே வந்தார்கள். இருவரும் கறுத்து இளைத்திருந்தார்கள்.

"மேடம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் மாறன். "நாங்க திட்டப்படிதான் நடந்துக்கிறோம். காலைல கெளம்பிப் பஸ் ஸ்டாண்டுல உக்காந்துடறோம். ஆனா இவளுக்கு முட்டி வலி. ஒரு வேண்டுகோள்."

"நான் மேடம் இல்லீங்க" என்றாள் குணமதி.

"தெரியும் மேடம், உங்களுக்கும் மேல ஆள் இருப்பாங்க. மத்தியானம் மட்டுமாவது வீட்ல இருந்துக்க அனுமதி கிடைக்குமா?"

குணமதி சந்திரம்மாளைப் பார்த்தாள். சந்திரம்மாள் குணமதியைப் பார்த்தார். தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாள் பூரா இருங்க" என்றாள் குணமதி. "உங்க வீடுதானே. போய் ஃபேனைப் போட்டுட்டுப் படுங்க."

"எழுத்துல குடுத்தீங்கன்னா நல்லாருக்கும். யாராச்சும் கேட்டா காட்டலாம்."

மேசையில் தாள் இருந்தது. 'வீட்டில் இருக்கலாம்' என்று எழுதினாள். சந்திரம்மாள் டிராயரைத் திறந்து முத்திரையை எடுத்து, மையில் நன்றாக அமுக்கி, வேண்டுமென்றே ரெண்டு தடவை குத்தினார். அந்த முத்திரை வாங்கி வந்த நாளிலிருந்து அது யாருக்கும் சந்தோஷம் கொடுத்து அவர் பார்த்ததில்லை.

செய்தி பரவிவிட்டது. வேங்கிக்காலில் ஒரு புது அம்மா வந்திருக்கிறார், மாசமாக இருந்துகொண்டே வேலை பார்க்கிறார், போனதும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். வரிசை படி வரைக்கும் நீண்டது. சிலருக்கு அனுமதி தேவையே இல்லை, குளிருக்காக வந்தார்கள். அவர்களுக்கும் சந்திரம்மாள் டீ கொடுத்தார்.

விருது நாள் வந்தது. தலைமை இயக்குநர் புகழேந்தி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அப்படி ஒரு வழக்கம் முகமையில் இல்லாததால் யாரும் எதிர்பார்க்கவில்லை. கார் சத்தம் கேட்டதும் படுக்கையறையில் இருந்த குழுவுக்கு வெளியேற வழியில்லை. ஏசியை அணைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஒளிந்தார்கள். கணக்குப் பிரிவு கட்டிலுக்கு அடியில் போனது. நந்தினி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். அறிவுச்செல்வன் குளியலறையில் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். குத்துவிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற ஜம்புகுமார் மட்டும் ஒளியவில்லை. அவனுக்கு இடம் மிச்சமில்லை.

புகழேந்தி பத்திரிகைக்காரர்களோடு உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, உள்ளே சோர்ந்த உடம்பு. கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"இப்படி ஒரு வெறுமையை நான் எங்கயும் பாத்ததில்லை" என்றார். "இந்த இயக்கத்துக்கு நானே முன்மாதிரி. இயக்கம் வர்றதுக்கு முன்னாலேயே, மாசி மாசத்துலேருந்து நான் என் வீட்டுக்குப் போகலை. மாவட்டம் மாவட்டமாச் சுத்திக்கிட்டிருக்கேன். என் கணக்குல ஒரு யூனிட் கூட ஏறலை. ஒவ்வொரு குடும்பத் தலைவரும் இப்படி..."

குளியலறையிலிருந்து ஒரு தும்மல் வந்தது. பல நாளாகக் குளிரில் இருந்து எல்லோருக்கும் சளி பிடித்திருந்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு தும்மல்கள்.

"உள்ள யாரு?" என்றார் புகழேந்தி.

"யாரும் இல்லீங்க ஐயா" என்றது குளியலறை. கொஞ்சம் யோசித்து, "மாவட்ட ஊக்குவிப்பாளர் அறிவுச்செல்வன் பேசறேங்க ஐயா" என்றது.

"ஆளில்லாத வீட்ல நீங்க இன்னா பண்றீங்க?"

"வீட்ல ஆளில்லைங்கறதை உறுதி பண்ணிக்கிட்டிருக்கேங்க ஐயா."

சூடு ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கணக்குப் பிரிவு ஊர்ந்து வந்தது. நந்தினி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி வந்து வணக்கம் சொன்னார். புகழேந்தி வாசலுக்குப் போய் மீட்டரைப் பார்த்தார். அதில் எண்கள் நல்ல உயரத்துக்குப் போயிருந்தன.

"ஆளே இல்லாத வீட்ல இத்தினி யூனிட் எப்படிய்யா ஏறும்?"

"ஆய்வு யூனிட்டுங்க ஐயா" என்றார் அறிவுச்செல்வன். "இதுல வீட்டுக்காரங்க செலவழிச்சது ஒண்ணுமே இல்லை. அவங்களை நாங்க உள்ளயே விடலை."

பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். புகழேந்தி சட்டைக் காலரைத் தளர்த்தினார். "நீங்க எல்லாரும் இங்க இருந்தா அங்க ஆபீஸ்ல யாரு இருக்கா?"

"யாருமே இல்லீங்க ஐயா. நாங்க போயே பல நாளாச்சு" என்றார் அறிவுச்செல்வன், இதிலாவது நல்ல பெயர் கிடைக்கட்டும் என்று.

"அப்ப அதுதான் உண்மையான மாதிரிக் கட்டடம். வண்டியை எடுங்க."

அங்கே குணமதி இருப்பாள். ஜம்புகுமார் போனை எடுத்து அடித்தான், அவள் எடுக்கவில்லை. குத்துவிளக்கை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி முழங்காலால் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். கார்கள் வேகமாகப் போயின. போகும்போதே, தன்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அவளை ஒரு வார்த்தை சொன்னால் சும்மா விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டான். சும்மா விடாமல் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அவன் போய்ச் சேர்ந்தபோது தலைமை இயக்குநர் படிக்கட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சந்திரம்மாள் நிறுத்தியிருந்தார். "நான் யாருன்னு தெரியுமா?" என்று அவர் கேட்டதற்கு, "வரிசைல வாப்பா, எல்லாரும் வீட்டுக்குப் போறவங்கதான்" என்று பதில் வந்திருந்தது. வாசலிலிருந்து வந்த குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் அவர் காலரை இன்னும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு நின்றுவிட்டார். அவர் பின்னால் அறிவுச்செல்வன், நந்தினி, கணக்குப் பிரிவு என்று பதவி வரிசைப்படி நின்றார்கள். ஜம்புகுமார் கடைசியில் விளக்கோடு நின்றான்.

அறைக்குள் முறை வந்தபோது குணமதி வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், "உக்காருங்க. வீடு எங்க?" என்றாள்.

"மெட்ராஸ்" என்றார் புகழேந்தி.

"ஏன் இங்க இருக்கீங்க?"

"முதல்ல சுற்றுப்பயணம். இப்ப திட்டம், வீட்ல இருக்கக் கூடாதுன்னு."

"எத்தினி நாளா?"

"மாசியிலேருந்து."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். யாரோ பெரிய ஆள் என்று தெரிந்தது. அதைவிட, சரியாகத் தூங்காத ஆள் என்று தெரிந்தது. அந்த முகம் அவளுக்குப் பழக்கமானது.

"வீட்ல யாரு இருக்காங்க?"

"சம்சாரம். பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா." நிறுத்தினார். "பேரன் பொறந்துட்டான். போன்ல பாத்தேன்."

"போன்ல பாத்தா?"

"தூக்கக் கூட இல்லம்மா."

அறைக்கு வெளியே யாரும் தும்மவில்லை. குணமதி தாளை இழுத்து எழுதினாள். சந்திரம்மாள் முத்திரையை மையில் அமுக்கி, ஒரு தடவைக்கு மூன்று தடவை குத்தி நீட்டினார்.

"இப்பவே கெளம்பினா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம்" என்றாள் குணமதி. "கொழந்தை இருக்கற ரூம்ல ஏசியை ரொம்பக் கம்மியா வெக்காதீங்க."

புகழேந்தி அதைப் படித்தார். 'வீட்டில் இருக்கலாம்.' அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்த ஆணைகளில் படித்ததும் புரிந்த ஆணை அது ஒன்றுதான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து கை கூப்பினார். விருது விழா, பேச்சு, மாலை எல்லாம் பின்னால் காத்திருக்க, நேராகக் காரில் ஏறி, "வீட்டுக்கு" என்றார். டிரைவருக்கு எந்த வீடு என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

அடுத்து அறிவுச்செல்வன். தன் நாற்காலிக்கு எதிரே, பொதுமக்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"எனக்கும்" என்றார்.

"உங்களுக்கு வீட்டுக்குப் போக அனுமதி இல்லீங்க சார்" என்றாள் குணமதி. "ஆபீஸுக்கு வர அனுமதி. முதல்ல எங்க கட்டிலுக்கு அடியில இருக்கற உங்க செருப்பை எடுத்துக்கிடுங்க."

எழுந்து நாற்காலியைக் காலி செய்தாள். அதில் உட்கார அறிவுச்செல்வன் சுற்றிக்கொண்டு வந்தார். வரிசையிலிருந்த ஒரு பெண்மணி, "புது ஆளா? அந்தம்மா மாதிரி நல்லா பாப்பாரா?" என்று சந்திரம்மாளிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது.

இயக்கம் அந்த வாரமே நின்றுபோனது. அது இலக்கை எட்டிவிட்டதால் நிறைவு பெற்றதாக அறிக்கை சொன்னது. சட்டைப் பையில் ஓர் ஆணையோடு வீட்டுக்குப் போன தலைமை இயக்குநர் விடுப்பில் இருப்பதாகப் பேச்சு. செங்கம் ரோட்டுப் பலகையை மட்டும் எடுக்கவில்லை. எடுக்கப் போன ஆட்களை வெளிநாட்டுக்காரர்கள் கும்பிட்டுத் தடுத்துவிட்டார்கள்.

விருது நாளன்று ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போது ஜம்புகுமார், "உன் மேல நடவடிக்கை எடுப்பாங்களோ?" என்று கேட்டான்.

"வேலைல சேத்திருந்தாத்தானே தூக்கறதுக்கு" என்றாள் குணமதி.

உச்சி வெயில். மாடிப்படி கைப்பிடியைத் தொட முடியவில்லை. அறையைப் பெருக்கி, ஜன்னலில் ஈரத் துணி கட்டி, ஏசியை இருபத்தாறில் வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிட்டான். தன் கட்டிலில், தன் தலையணையில், ஒருக்களித்துப் படுத்த குணமதி, "கொழந்தை உதைக்குது" என்றாள். சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். அவள் மூச்சு சீராக வருகிறதா என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது கதவைத் தட்டினார்கள். ஜம்புகுமார் சத்தம் போடாமல் போய்க் கொஞ்சமாகத் திறந்தான். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய நான்கைந்து பேர் வியர்த்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் தெர்மாமீட்டர், ஒருவர் கையில் பாய்.

"கடலூர் மாவட்டக் குழுங்க. ஆய்வுக்கு வந்திருக்கோம்" என்றார் முன்னால் நின்றவர். "ஆளில்லாத வீடு இதுதானுங்களே?"

"இல்லீங்க" என்றான் ஜம்புகுமார். "ஆள் இருக்கோம்."

கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ் போட்டான்.